மூன்றாம் தடத்தில் அசைந்த கை

உழவர்கரையில் எங்கள் தெருவுக்கு நான் 'ஓட்டக்கார அக்கா'. கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார்தான் இதைப் பரப்பிவிட்டார். ஒரு குட்டித் தீவு நாட்டுக்காக உலகப் போட்டியில் நூறு மீட்டர் ஓடியவள் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "மெடல் வாங்கினீங்களா?" இல்லை. முதல் சுற்றில் எட்டுப் பேர் ஓடினோம், நான் ஏழாவது. எட்டாவதாக வந்தவளுக்குப் பாதி வழியில் தொடை பிடித்துக்கொண்டது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பாராட்டுபவர்கள் மேல்தான் வரும்.

அப்பா அரியாங்குப்பத்திலிருந்து அந்தத் தீவுக்குப் போய் மளிகைக் கடை வைத்தவர். நான் பிறந்ததே அங்கேதான். நாடு முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தாலுகாவுக்கு மேல் தேறாது. ஓட்டத் திடல் ஒன்றே ஒன்று. அதில் சொல்லிக்கொள்ளும்படி ஓடிய பெண்கள் இரண்டு பேர், நானும் என் தோழியும். அவள் அந்த ஊர்க்காரி. இருவருக்கும் ஒரே பயிற்சியாளர், ஒரே தண்ணீர் பாட்டில். பத்து முறை ஓடினால் ஏழு முறை அவள்தான் முந்துவாள்.

சின்ன நாடுகளுக்கு உலகப் போட்டியில் சலுகையாக ஓரிடம் தருவார்கள். அந்த ஓரிடத்துக்காக எங்கள் இருவரையும், பேருக்கு இன்னும் நான்கு பேரையும் ஓடவிட்டார்கள். 'செட்' என்ற குரலுக்கு இடுப்பை உயர்த்தியபின் துளியும் அசையக் கூடாது. பக்கத்தில் ஏதாவது ஆடினால் நம் கால் தானாகக் கிளம்பிவிடும். மூன்றாம் தடத்தில் என் வலது கை அசைந்தது. நான்காம் தடத்திலிருந்த அவள் பாய்ந்துவிட்டாள். துப்பாக்கி அதற்குப் பிறகுதான் வெடித்தது.

முந்திக் கிளம்பினால் அப்போதே வெளியேற வேண்டும் என்பது விதி. பெரிய போட்டிகளில் இதைக் கண்டுபிடிக்கக் கருவி உண்டு. எங்களுக்குத் துப்பாக்கி பிடித்தவரின் கண்தான் கருவி. அவர் அவளுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அவள் இல்லாத ஓட்டத்தில் அந்த ஓரிடம் எனக்குக் கிடைத்தது. போனேன், ஏழாவதாக வந்தேன், திரும்பினேன். விமான நிலையத்துக்குத் தடகளச் சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவள் மட்டும் கையில் பூங்கொத்தோடு நின்றிருந்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு, போட்டி நடந்த ஊரின் குளிரைப் பற்றியே வீடு வரும்வரை பேசித் தீர்த்தேன். அதன்பின் அவள் திடல் பக்கமே வரவில்லை. ஓட்டல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவளிடமிருந்து நான் பறித்தது ஓர் ஓட்டத்தை மட்டும் என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பிள்ளைச்சாவடிப் பக்கம் ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண்கள் கோட்டில் குனிந்து நின்றார்கள். ஒருத்தியின் தோள் ஆடியது. பக்கத்திலிருந்தவள் விசிலுக்கு முன்பே ஓடிவிட்டாள். பி.டி. சார் ஓடியவளை வெளியே போகச் சொன்னார்.

"மேடம், நீங்க பெரிய போட்டியிலெல்லாம் ஓடினவங்க. நான் சொன்னது கரெக்டுதான?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தோள் ஆடிய பெண் கையைத் தூக்கினாள்.

"சார், நான்தான் மொதல்ல ஆடிட்டேன். அவ என்னாலதான் ஓடிட்டா."

"அப்ப அவ ஓடட்டும், நீ வெளிய வந்துடு."

வந்துவிட்டாள். கயிற்றுக்குப் பின்னால் நின்று, ஓடுகிறவர்களுக்குக் கைதட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மேடையில் பரிசு கொடுத்தபோது யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே தோழியைப் போனில் கூப்பிட்டேன். என் கைதான் அசைந்தது என்று, சுற்றி வளைக்காமல், எங்கள் தீவு மொழியில் சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"எனக்கு அன்றைக்கே தெரியும்," என்றாள். "நீயே சொல்லிவிடுவாய் என்றுதான் விமான நிலையத்துக்கு வந்தேன்."