கண்ணாயிரத்தின் தொப்பியும் இருசப்பனின் ஆடும்

மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருடமாக உப்பு வாரும் கண்ணாயிரம் குதிரை ஏறியதில்லை. துப்பாக்கியைத் தொட்டதில்லை. அமெரிக்கா எங்கே என்று கேட்டால் கடல் பக்கம் கையைக் காட்டுவார். இருந்தும் ஊரில் அவருக்குப் பெயர் ஷெரீப்பு.

காரணம் ஒரு பழைய ஹாலிவுட் படம். தமிழில் பேசும். ஏதோ ஒரு சேனலில் மாதம் ஒரு தடவையாவது மதிய நேரத்தில் போட்டுவிடுவார்கள். தங்கச் சுரங்கம் உள்ள ஒரு புழுதி ஊர். சுரங்க முதலாளி எல்லாரையும் மிரட்டுகிறான். ஷெரீப்பு என்கிற போலீஸ்காரன் ஒருத்தன் குதிரையில் வருகிறான். கடைசியில் நடுத்தெருவில் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்க, சாராயக்கடைக் கதவு தானாக ஆடுகிறது. கண்ணாயிரம் இதை முப்பத்தெட்டு தடவை பார்த்திருக்கிறார். படத்தின் பெயர் மட்டும் தெரியாது. பெயர் போடும் நேரத்தில் அவர் எப்போதும் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருப்பார்.

படத்தின் விளைவாக, புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் அகல விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கினார். ஜான்சன் டீக்கடையில் உட்கார்வதை நிறுத்தினார். கம்பத்தில் ஒரு தோளைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி நிற்பார். டீயை நீட்டினால் உடனே வாங்க மாட்டார். கண்ணைச் சுருக்கி ஜான்சனை ஒரு பார்வை பார்ப்பார். பிறகுதான் கை வரும். அதற்குள் டீயில் ஆடை கட்டிவிடும்.

"அந்த ஊர்ல நாள் பூரா ஆத்துல அரிச்சா ஒரு சிட்டிகை தங்கம். இங்க ஒரே நாள்ல நாலு லாரி உப்பு. எந்த ஊரு பெருசு, நீயே சொல்லு" என்பார்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரும் இருசப்பன் விடுகிற ஆள் இல்லை. "நம்ம ஊருதான் பெருசு ஷெரீப்பு. அப்புறம் ஏன் உன் வூட்டுக் கூரை ஒழுவுது?"

மனைவி திரௌபதிக்கு வேறு கவலை. "குடிச்சிட்டு வந்தா திட்டலாம். இது தொப்பி போட்டுகினு வருது. இன்னான்னு திட்டறது?"

இப்படி இருக்கையில், ஒரு சித்திரை மாதம் சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். இயக்குநர் கார்த்திகேசன் தமிழில் ஒரு கௌபாய் படம் எடுக்கிறார். கதை, பனிமலை அடிவாரத்துத் தங்கச் சுரங்க ஊரில் நடக்கிறது. பனிமலைக்குப் போக வசதி இல்லை. மரக்காணத்து உப்புக் குவியல்கள் பனிமலை ஆயின. உப்புப் பாத்தி, உறைந்த ஏரி ஆனது. பிளைவுட்டில் ஒரு தெருவே முளைத்தது. கொளுத்தும் வெயிலில் இருபது பேர் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு குளிரில் நடுங்கினார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்ததையும் நல்ல நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பிணமாக நடிக்க ஆள் வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்தபடி கிடக்க வேண்டும், இமைக்கக் கூடாது. துணை இயக்குநர் செந்தமிழ் என்ற பெண், வரிசையாக ஆட்களைப் படுக்கவைத்துப் பார்த்தாள். எல்லாரும் இமைத்தார்கள். முப்பது வருடம் வெள்ளை உப்பில் வெயில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய கண்ணாயிரம், சூரியனையே முறைத்துக்கொண்டு கிடந்தார்.

"நீங்க பிரமாதமா சாகறீங்கண்ணா" என்றாள் செந்தமிழ். அவர் வாழ்க்கையில் கேட்ட முதல் பாராட்டு அது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் சொன்னார்: "குளோசப்பு. மூஞ்சி முழுசா தெரியும்."

"தெரியலன்னா?" என்றார் இருசப்பன்.

கண்ணாயிரம் தொப்பியைக் கழற்றி ஒரு தடவை துடைத்தார். "படத்துல நான் இருக்கேன்னு இந்த ஊரு ஒத்துக்கலன்னா, இத உன் ஆட்டுக்கு மாட்டிக்கோ."

"அதுக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

மறுநாள் படப்பிடிப்பு. பிணத்துக்கும் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். வரப்புக்கு வந்ததும் கண்ணாயிரம் வழக்கப்படி அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போய்ப் பாத்திக் கரையில் செத்துக் கிடந்தார். யாரும் கவனிக்கவில்லை. மார்பில் மூன்று குண்டு. அவர் முகத்துக்கு நேரே கேமரா. கதாநாயகன் உறைந்த ஏரியில் இறங்கி, மெதுவாக நடந்து வர வேண்டும்.

இறங்கினார், பூட்ஸ் காலோடு.

அந்தக் கரையில் அப்படி ஒரு காரியம் நடந்ததே இல்லை. சீசனுக்கு முன்னால் நாள்கணக்கில் வெறுங்காலால் மிதித்து மிதித்துப் பாத்தித் தரையை இறுக்கியிருப்பார்கள். ஒரு குதிகால் குத்தினால் போதும், அடிச்சேறு கிளம்பி உப்பு காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிடும். அளத்து முதலாளி சக்கரபாணியே செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத்தான் இறங்குவார். படம் எடுக்க அனுமதி கொடுத்தபோது இதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மூக்கால் மூச்சு விடுங்கள் என்று யாராவது சொல்வார்களா?

முதல் அடியைக் கண்ணாயிரம் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது அடியில் அவர் உதடு துடித்தது. மூன்றாவது அடியில் பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"யோவ், பூட்ஸ கழட்டிட்டு எறங்குய்யா."

பயந்துபோன கதாநாயகன் இன்னொரு தடவை சுட்டார். கண்ணாயிரம் சாகவில்லை.

"சார், நீங்க செத்துட்டீங்க" என்றார் கார்த்திகேசன்.

"செத்தா இன்னா? நாளைக்கு இதுல நான்தான உப்பு வாரணும்?"

வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து முதல் ஆளாக இருசப்பன் குரல் கொடுத்தார். "அதான, கழட்டச் சொல்லு." வரப்பு முழுக்க அதையே சொல்ல ஆரம்பித்தது.

கதாநாயகன் கழற்றினார். மறுபடி எல்லாம் தயார். இந்தத் தடவை குதிரையை இறக்கினார்கள். பிணம் மறுபடி எழுந்தது.

"குதிரைக்கு லாடம் அடிச்சிருக்குது. அதையும் கழட்டுங்க."

செந்தமிழ் இயக்குநர் காதருகே குனிந்தாள். "ஏரியப் பார்த்தாத்தான் சார் எழுந்திரிக்கிறாரு. குதிரைய சீன்லேருந்து தூக்கிட்டு, இவரக் குப்புறப் போட்டுடலாம்."

குப்புறப் போட்டார்கள். மூக்கு மண்ணில் அழுந்திய பிறகுதான் கண்ணாயிரத்துக்குத் தொப்பி ஞாபகம் வந்தது. பாத்தி பிழைத்துவிட்டது. மூஞ்சி போய்விட்டது. அதற்கு மேல் அவர் அசையவில்லை. அவ்வளவு தத்ரூபமான பிணத்தைத் தான் பார்த்ததில்லை என்று கார்த்திகேசன் பிறகு சொன்னாராம்.

ஐப்பசி மழையில் அளம் மூழ்கி, எல்லாரும் வேலையில்லாமல் இருந்த ஒரு சாயங்காலம், படம் பென் டிரைவில் ஜான்சன் கடை டிவிக்கு வந்தது. இருசப்பன் ஆட்டைக் கயிற்றோடு பிடித்து வந்திருந்தார், அளவு பார்க்க.

அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க இரண்டு வெறும் பாதங்கள். வெடித்த குதிகால், வெடிப்புக்குள் உப்பு. தூரத்தில், பாதங்களுக்கு நடுவே கட்டைவிரல் அளவுக்குக் கதாநாயகன், சூடு தாங்காமல் துள்ளித் துள்ளி வந்தார்.

"நான்தான்" என்றார் கண்ணாயிரம்.

"இது என் காலு மாதிரி இருக்குதே" என்றார் இருசப்பன்.

ஜான்சன் படத்தை நிறுத்தினார். ஆளாளுக்கு பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்து டிவியோடு ஒத்துப் பார்த்தார்கள். அதே வெடிப்பு, அதே வெள்ளை. பதினோரு ஜோடிக் கால்கள், பதினோரு பேரும் படத்தில் இருந்தார்கள். இருசப்பன் மெல்லக் கையை நீட்டினார். கண்ணாயிரம் தொப்பியைக் கழற்றினார். ஆடு தலையைத் தூக்கியது.

கடை ஓரமாகக் குடையோடு நின்றிருந்த திரௌபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, டிவியைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரர் காலுதான் இது."

"எப்படிம்மா சொல்ற?" என்றார் இருசப்பன்.

"இருவத்தாறு வருஷமா இந்தக் கால என் மேல போட்டுகினுதான் அந்த ஆளு தூங்கறாரு. எனக்குத் தெரியாம உனக்கா தெரியும்?"

இப்படிப்பட்ட சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. பதினோரு பேரும் காலைக் கீழே இறக்கினார்கள். ஜான்சன் டீயை நீட்ட, கண்ணாயிரம் முதல் தடவையாக, யாரையும் முறைக்காமல் உடனே வாங்கிக்கொண்டார்.

இருசப்பனின் ஆடு இன்னமும் வெறுந்தலையோடுதான் மேய்கிறது.