கோதுமை இல்லாத ஆறு நாள்

என் கணவருக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எட்டு மாதமாக வயிற்றுப்போக்கு, வயிற்று வீக்கம், ரத்தமில்லாமல் வெளிறிய முகம். ஆள் பாதியாகியிருந்தார். நாங்கள் பயந்தது வேறொன்றுக்கு. திருவனந்தபுரத்து டாக்டர், "இதுக்கு சீலியாக்னு பேரு. கோதுமை, மைதா, ரவை, பார்லி ஒரு துணுக்குகூட உள்ளே போகக்கூடாது. போகாம இருந்தா மருந்தே வேண்டாம்" என்றார். இவ்வளவுதானா என்றிருந்தது. பூதப்பாண்டியில் நெல்லுக்கா பஞ்சம்?

வீட்டிலிருந்த கோதுமையை அன்றே ஒழித்தேன். சப்பாத்திக் கல்லைப் பரணில் ஏற்றினேன். எந்தப் பாக்கெட் வாங்கினாலும் கண்ணாடி போட்டுப் பின்பக்கத்தைப் படித்தேன். இட்லி, தோசை, ஆப்பம், சோறு, இவைதான். ஆறு மாதத்தில் அவர் தேறியிருக்க வேண்டும். தேறவில்லை. ரத்தப் பரிசோதனையிலும் மாற்றமில்லை. டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "வெளியே ஏதாவது சாப்பிடுறாரா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எங்கள் தெருமுக்கில் பரோட்டாக் கடை. இவரோ வளைகுடாவில் இருபது வருஷம் குபூஸ் ரொட்டியும் பரோட்டாவுமாக இருந்துவிட்டு வந்த மனிதர். நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பரீட்சை அறையில் நின்றவள். முழியைப் பார்த்தே பிட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

"பரோட்டா தின்னியளா?"

"இல்லட்டி."

"சத்தியமாட்டு?"

"சத்தியமாட்டு."

எந்தத் திருடன் ஒத்துக்கொண்டிருக்கிறான்? கடைக்காரரிடமே போய், அவர் வந்தால் கொடுக்கக்கூடாது என்று சொன்னேன். "அண்ணன் இங்க வாறதே இல்லியே அக்கா" என்றார் அவர். நல்ல வாடிக்கைக்காரரை யார்தான் காட்டிக்கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மகளிடம் சொன்னேன். நாத்தனாரிடம் சொன்னேன். கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமும் சொன்னேன், பார்த்துக்கொள்ளுங்கள், கை நீளும் என்று. அந்த ஆள் சிரித்தார். பந்தி முழுக்கச் சிரித்தது. என் கணவர் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

கவனிப்பில் மட்டும் நான் குறை வைக்கவில்லை. வயிற்றுக்குப் பெருங்காயத்தை மிஞ்சி என்ன இருக்கிறது? ரசத்தில் போட்டேன், சாம்பாரில் போட்டேன், மூன்று வேளையும் மோரில் கரைத்துக் கொடுத்தேன். வயிறு மோசமான நாட்களில் இன்னும் ஒரு சிட்டிகை கூட்டினேன். அவர் மறுக்காமல் குடித்தார்.

இப்படி இரண்டு வருஷம் போனது. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் மகள், எங்கள் கல்யாணத்தின் முப்பத்தைந்தாம் வருஷத்துக்கென்று கப்பல் டிக்கெட் எடுத்துத் தந்தாள். கொச்சியில் ஏறி, லட்சத்தீவு, கோவா வழியாக மும்பையில் இறங்க வேண்டும். ஐந்து இரவு, ஆறு பகல். அப்பாவின் சாப்பாட்டு விஷயத்தை முன்கூட்டியே கப்பல் கம்பெனிக்கு எழுதி, பதிலும் வாங்கிவிட்டாள். எனக்கு நம்பிக்கையில்லை. வீட்டில் சமைத்த எதையும் கப்பலில் ஏற்றக்கூடாது என்று போட்டிருந்தது. பொடி என்ன, சமைத்ததா? ரசப்பொடி, புளி, பெருங்காய டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

முதல் நாளே சாப்பாட்டு மேஜைக்கு ஒருவர் வந்தார். இந்த மாதிரி விசேஷச் சாப்பாடுகளுக்குப் பொறுப்பான சமையல்காரர், கொல்லத்துக்காரர். என் கணவரைப் பேர் சொல்லி விசாரித்து, பக்கத்தில் குனிந்து நின்று, மறுநாள் என்னென்ன வேண்டும் என்று முந்தின நாளே கேட்டு எழுதிக்கொண்டார். இவருக்குத் தனிச் சட்டி, தனி எண்ணெய், தனிக் கரண்டி. பலர் கைபோடும் பொதுமேஜைப் பக்கம் போகவே வேண்டாம், ஒருவர் ரொட்டி எடுத்த இடுக்கியால் இன்னொருவர் பழம் எடுப்பார் என்றார். சொந்தக்காரர்கள்கூட இவரிடம் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. என் கணவர் "செரி, செரி" என்று தலையாட்டினார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரியும் இருந்தது. நான் கட்டிக் கொண்டுவந்த பை அறையில் அவிழ்க்காமலே கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவர் மேல்தளத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தார். காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழியில்கூட அப்படிக் காற்றடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கம்பியைப் பிடிக்காமல் நடந்தார். கழிப்பறை எங்கே என்று தேடவில்லை. வயிறு தட்டையாக இருந்தது. பசிக்கிறது என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று!

மனுஷியாக இருந்தால் அங்கே சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "பாத்தியளா? நடுக்கடல்ல பரோட்டாக் கடை இல்ல. வயிறும் செரியாயிட்டு. இப்பவாவது ஒத்துக்கிடுங்க."

அவர் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானம் மீனையும் உருளைக்கிழங்கையும் பாதி சாப்பிட்டு, "ரசம் இருந்தா நல்லாருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எனக்குக் கஷ்டமாகிவிட்டது. கோபம் எனக்கு எப்படி வருமோ அப்படியே போய்விடும். அறையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கொல்லத்துக்காரரிடம் போனேன். ஒரு ரசம் மட்டும் வைத்துக் கொடுங்கள், எல்லாம் வீட்டுச் சாமான், சுத்தமானது என்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். ரசப்பொடியில் என்னென்ன என்று கேட்டார். சொன்னேன். பெருங்காயம் என்றதும் டப்பாவைத் திருப்பினார். எழுத்து அவ்வளவு பொடி. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதில் கோதம்பு உண்டு, அம்மா."

நான் சிரித்தேன். பெருங்காயம் ஒரு செடியின் பாலாச்சே, அதில் கோதுமை எங்கிருந்து வரும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். அவர் போனை என் பக்கம் திருப்பினார். கோதுமை மாவு என்று இருந்தது. வெறும் பெருங்காயம் ரொம்பக் காரம், மாவு கலந்துதான் விற்பார்கள், சிலதில் அரிசி மாவு, பலதில் கோதுமை மாவு என்று விளக்கினார். தன் அம்மாவுக்கும் இது தெரியாது என்று எனக்காகச் சொன்னார். அவர் நல்ல மனிதர். எனக்குத்தான் காலடியில் கப்பல் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பிஸ்கட்டைப் படித்தேன், சாஸைப் படித்தேன், மாத்திரை அட்டையைக்கூடப் படித்தேன். இதைப் படிக்கத் தோன்றவில்லை. இதைத்தான் இரண்டு வருஷம், மூன்று வேளையும், அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று கொடுத்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். டப்பாவைக் கடலில் போட்டால் தீர்ந்தது. ஊருக்குப் போய் வேறு பெருங்காயம் வாங்கினால் அவர் தேறிவிடுவார். நான் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் நம்பிக்கொண்டும் இருப்பார்கள். அப்படி நினைத்த என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அவர் அறையில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். "இதுலதான் கோதுமை இருந்திருக்கு. நீங்க ஒண்ணும் திங்கல. நாந்தான் தந்திருக்கேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"நான் திங்கலேல்லா?" என்றார்.

"இல்ல."

"ஒரு தடவகூட திங்கலேல்லா?"

அதை ஏன் என்னிடம் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்குத் தெரியாதா என்றேன்.

"தொவைக்கப் போடதுக்கு முன்ன நீ எனக்க சட்டைய மோந்து பாப்பேல்லா, அது எனக்குத் தெரியும்" என்றார். "கொஞ்ச நாள் கழிச்சு நானும் மோந்து பாக்க ஆரம்பிச்சேன். டாக்டர் சொல்லுகாரு, நீ சொல்லுக, மகளும் சொல்லுகா. எல்லாருமா பொய் சொல்லுவாங்க? ஒருவேள நான் எங்கயாவது தின்னுட்டு மறந்து போறேனோண்ணு நெனச்சேன் கேட்டியா. புத்தி கலங்கிட்டோண்ணு பயந்துட்டேன். அத உன்கிட்ட எப்படிச் சொல்ல?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றுக்கு நான் செய்த கெடுதல் ஐந்தாறு மாதத்தில் சரியாகும் என்று டாக்டர் பிறகு சொன்னார், ஆகியும்விட்டது. மற்றதற்கு யாரிடம் கேட்பது? கோவா நெருங்கி போனில் சிக்னல் வந்ததும் மகளைக் கூப்பிட்டேன். பிறகு நாத்தனாரை. பிறகு அந்தக் கல்யாணத்தில் பந்தியில் இருந்தவர்களில் எனக்கு ஞாபகம் வந்தவர்களை ஒவ்வொருவராக. ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் போட்டு, "அவரு திங்கல, நாந்தான் குடுத்தேன்" என்று சொன்னேன். மூன்றாவது ஆளிடம் பேசி முடித்ததும் அவர் "போதும்ட்டி" என்றார். நான் நிறுத்தவில்லை. அவர் போனைப் பிடுங்கவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, கடைசி ஆள்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.