வண்டிக்கு ஆள் தெரியும்

சாவியை முதல் சுற்றுத் திருப்பியதும், என்ஜின் எழுவதற்கு முன்பே, பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு மெல்லிய ரீங்காரம் கிளம்பும். வெயிலில் சூடேறிக் கிடக்கும் சீட்டு உறையின் வழியாக அது என் தொடைகளில் ஏறிக் கூசி, நான் சிரித்து முடிப்பதற்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் அப்பா சாவியை முழுதாகத் திருப்புவார். வண்டி உறுமிக்கொண்டு எழும். எங்கள் தாமான் குடியிருப்பில் வேறு எந்த வண்டிக்கும் அந்த உறுமல் கிடையாது. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அது எங்கள் குடும்பத்தின் குரலாகவே பட்டது.

அது ஒரு பழைய ஜப்பான் கார். அப்பா வாங்கியபோதே அதற்கு வயதாகியிருந்தது. எங்கள் ஊர் ரெங்கம் டவுனில் கார் பழுதுபார்க்கும் "போமென்" வேலை பார்த்த மணி மாமாவும் அப்பாவும் சேர்ந்து, ஜப்பானிலிருந்து முன்பாதி மட்டும் வெட்டி அனுப்பப்படும் "ஹாஃப் கட்" வண்டி ஒன்றிலிருந்து பெரிய என்ஜினைக் கழற்றி இதற்குள் இறக்கியிருந்தார்கள். புது என்ஜினின் பசிக்குப் பழைய பெட்ரோல் குழாய் போதாது என்று மின்சாரத்தில் ஓடும் ஒரு "பம்ப்" வைத்தார்கள். பின்சீட்டுக்கு அடியில் ரீங்கரித்தது அதுதான். "பூனை வயித்துல புலிய வச்சிருக்கோம் பாப்பா" என்று மணி மாமா என்னிடம் சொல்வார்.

அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்களோடு வேனில் போனால், சனிக்கிழமை காலைதான் வருவார். வந்ததும் குளித்து, பசியாறி, என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுப்பார். எடுக்கும் முன் ஒரு சடங்கு உண்டு. இடது கையைக் கீழே விட்டு சீட்டை முன்னும் பின்னுமாக ஆட்டிச் சரிசெய்வார். பிறகு டேஷ்போர்டைத் தட்டி, "எழுந்திருடா ராசா" என்பார். சாவியைத் திருப்புவார். ரீங்காரம் வரும், வண்டி எழும். "பாத்தியா, வண்டிக்கு ஆள் தெரியும்" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார். ஒருநாளும் அந்த வண்டி அவரை ஏமாற்றியதில்லை.

அம்மாவை மட்டும்தான் ஏமாற்றியது.

அந்த வருடம்தான் அம்மா "லைசன்ஸ்" எடுத்தாள். அப்பா தடுக்கவில்லை. பாஸான அன்று ஜிலேபி வாங்கிவந்து பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். "எங்க வீட்டு அம்மா இனிமே டிரைவர்" என்று வாசலில் நின்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது வண்டியை எழுப்பிவிட்டு அம்மாவை ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அம்மா நன்றாகவே ஓட்டினாள். அவர் வேன் ஏறிப் போன பிறகு, திங்கள் முதல் வெள்ளி வரை, வண்டி அவள் கைக்கு எழுந்ததே இல்லை.

முதல் தடவை, குளுவாங்கில் ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆள் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கார்களுக்கான ஒயர்க் கட்டுகளைப் பின்னும் கம்பெனியில் அம்மா வேலை செய்திருந்தாள். இதுவும் அதே மாதிரி வேலைதான். சேலை கட்டி, சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். என்ஜின் சுற்றியது, சுற்றியது, ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினாள். இருமல்கூட வரவில்லை. பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அங்கே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை அப்பா வந்தார். சீட்டைச் சரிசெய்தார், டேஷ்போர்டைத் தட்டினார், வண்டி எழுந்தது. "பழைய வண்டி சாந்தி. அதுக்குன்னு ஒரு கை வேணும். உன் கை இன்னும் பழகல" என்றார். அம்மா தலையாட்டினாள். அடுத்தடுத்த வாரங்களில் பேட்டரி முனைகளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், சொன்னார் என்று காலை வெயில் பட்ட பிறகு எடுத்துப் பார்த்தாள். சாவியை மெதுவாகத் திருப்பினாள், வேகமாகத் திருப்பினாள். ஒருநாள் நான் சொல்லிக்கொடுத்து, "எழுந்திருடா ராசா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். என்ஜின் சுற்றியதே தவிரப் பற்றவில்லை. எனக்குள் ஒரு ரகசியப் பெருமை. இந்த வண்டி அப்பாவுடையது, அப்பாவுக்குத்தான் கட்டுப்படும் என்று பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பெரியப்பா இறந்தது ஒரு புதன்கிழமை. சாஆ என்னும் ஊரில் இருந்த பெரியம்மா வீட்டிலிருந்து விடியற்காலையில் போன் வந்தது. அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர்களே அவள் அக்காவான பெரியம்மாவும் பெரியப்பாவும்தான். "நல்ல வெயிலு, மதியத்துக்குள்ள எடுத்துருவாங்க, சீக்கிரம் வாடி" என்று பெரியம்மா அழுதது ரிசீவருக்கு வெளியே எனக்கே கேட்டது.

என்னைப் பின்சீட்டில் தள்ளிவிட்டு அம்மா சாவியைத் திருப்பினாள். என்ஜின் சுற்றியது. பற்றவில்லை. மறுபடியும் மறுபடியும் திருப்பினாள். ஸ்டியரிங்கில் கைகளால் அடித்தாள். பிறகு உள்ளே ஓடி, சிங்கப்பூருக்கு, அப்பாவின் கைபேசிக்கு அழைத்தாள்.

"டாக்சி பிடிச்சுப் போறேங்க" என்றாள் அம்மா.

அவர் பேசியதை அம்மா எனக்குப் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறாள். "டாக்சி எதுக்கு, தெரியாத ஆளோட அவ்வளவு தூரம்? நான் மணிய அனுப்புறேன். பாத்துக் கொடுத்துருவான். வீட்டுலயே இரு."

மணி மாமா அன்று வேலையாகக் குளுவாங் போயிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் வாசலில் வெயில் ஏறிவிட்டது. அம்மா வாசலுக்கும் போனுக்கும் நடந்து நடந்து ஓய்ந்திருந்தாள். நான் பின்சீட்டிலேயே சுருண்டு படுத்திருந்தேன். மணி மாமா வந்தவர் "பானட்"டைத் தூக்கி நிறுத்தினார். எட்டிப் பார்த்தார். "அலமாக்... அண்ணி, ஒரு வாளி தண்ணி கொண்டாங்க" என்றார். அம்மா உள்ளே ஓடினாள். அவர் சுற்றிவந்து டிரைவர் கதவைத் திறந்து, குனிந்து, கையை சீட்டுக்கு அடியில் விட்டார். 'டிக்' என்றது. சாவியைத் திருப்பினார். எனக்கு அடியில் ரீங்காரம் எழுந்தது.

அம்மா வாளியோடு வந்தபோது வண்டி உறுமிக்கொண்டிருந்தது. "பிளக்கு நனைஞ்சிருந்துச்சு அண்ணி" என்றார் மணி மாமா, அவள் முகத்தைப் பார்க்காமல். தண்ணீரை வாங்கிக் கையைக் கழுவிக்கொண்டார்.

நாங்கள் சாஆ போய்ச் சேர்ந்தபோது பெரியப்பாவை எடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரத் தரையில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். "முகத்தக்கூடப் பாக்கலியேடி" என்று பெரியம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டு கதறினாள். அம்மா அழவில்லை. மாலை வரை அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வீடு திரும்பியபோது நான்தான் சொன்னேன். புகார் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்த ஓர் அதிசயத்தைச் சொல்வதாகத்தான் நினைப்பு. "மணி மாமாவுக்கும் வண்டி கட்டுப்படுதும்மா. பானட்ல எதையும் தொடலை. அப்பா மாதிரியே சீட்டுக்குக் கீழதான் கைய விட்டாங்க. உடனே கீழ சத்தம் வந்துருச்சு. நீங்க திருப்பினா அந்தச் சத்தம் வர்றதே இல்ல."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "என்ன சத்தம்?" என்றாள்.

நான் செய்து காட்டினேன்.

அவள் பின்சீட்டின் பலகையை ஆட்டி ஆட்டித் தூக்கினாள். என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லி, பம்ப்பின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வண்டி சாஆவிலிருந்து நன்றாகத்தான் வந்திருந்தது, பம்ப் ரீங்கரித்தது. பிறகு அதிலிருந்து கிளம்பும் ஒயரைப் பிடித்துக்கொண்டாள். ஒயர்களோடு பல வருடம் பழகிய விரல்கள் அவளுடையவை. கம்பளத்தை ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டே போனாள். "நேரா முன்னால போக வேண்டிய ஒயரு. இது எதுக்கு சீட்டுக்கடியில சுத்திட்டு வருது?" என்று தனக்குத் தானே கேட்டாள். கறுப்பு டேப் சுற்றிய ஓர் ஒட்டு. அடுத்து இன்னோர் ஒட்டு. அவற்றுக்கு நடுவே, டிரைவர் சீட்டின் இரும்புக் கம்பிக்குப் பின்னால், என் கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச்.

அம்மா அதை அழுத்தினாள். "இப்பத் திருப்பு" என்றாள். நான் திருப்பினேன். ரீங்காரம் இல்லை. மறுபடி அழுத்தினாள். 'ம்ம்ம்' என்றது.

எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. ஆனால் அம்மா வண்டியின் தரையிலேயே, கதவுக்கு வெளியே கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு, "போன்ல சொல்லியிருக்கலாமே. அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னது நினைவிருக்கிறது. முதல் நாள் வராத அழுகை அப்போது வந்தது. பிறகு எழுந்துபோய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள்.

அந்த சனிக்கிழமை அப்பா அவராகவே சாஆவுக்குப் போய் வந்துவிட்டார். பட்டறை நண்பர்களின் வேனிலேயே நேராகப் போனாராம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோது வண்டியை எடுக்க வேலை இல்லை. அம்மாவும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வராமல் இருந்தவர், பதினாறாம் நாள் காரியத்துக்கு லீவு போட்டு வந்தார், மூவருமாகப் புறப்பட்டோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்சீட்டின் நடுவில், இரண்டு சீட்டுக்கும் இடையே தலையை நீட்டிக்கொண்டு, முதன்முறையாக அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன்.

கை கீழே போனது. சீட்டை ஆட்டியது. விரல்கள் கம்பிக்குப் பின்னால் நுழைந்தன. தேடின. வெளியே வந்து மறுபடி நுழைந்தன.

"என்ன தேடுறீங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல. சீட்டு கொஞ்சம்..."

அம்மா கைப்பையைத் திறந்து அந்த சுவிட்சை எடுத்து டேஷ்போர்டின்மேல் வைத்தாள். இரண்டு பக்கமும் வெட்டிய ஒயர் மீசைபோல் நீண்டிருந்தது. "இதயா? நேரா சேத்து முறுக்கிட்டேன். இனிமே யாரு திருப்பினாலும் எடுக்கும்."

அப்பா சீட்டுக்கு அடியிலிருந்து கையை எடுத்தார். "திருடனுக்காக வச்சது சாந்தி. எல்லாப் பக்கமும் வண்டி காணாமப் போகுதுல்ல" என்றார்.

"மணிக்குத் தெரியுது. எனக்குத் தெரியல. அப்ப யாரு திருடன்?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் அங்க கெடக்குறேன். நான் இல்லாத நேரத்துல நீ எங்க போற, எப்ப வர்றன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நியாயம் கேட்பவரைப்போல் சொன்னார். அம்மா கதவைத் திறந்து இறங்கி, சுற்றிவந்து அவர் பக்கம் நின்றாள். "இறங்குங்க" என்றாள். அவர் இறங்கினார். சாஆ வரைக்கும் அம்மாதான் ஓட்டினாள். வழிநெடுகச் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

இதோடு நின்றிருந்தால் நான் அப்பாவை எப்படியாவது மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். குழந்தைகளுக்கு அந்தத் திறமை உண்டு. சாமி கும்பிட்டு, சாப்பாடு முடிந்த பிறகு, வெள்ளைச் சேலையில் இருந்த பெரியம்மா அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "தம்பி, அன்னிக்கு நீங்க மட்டும் மணிய அனுப்பி வண்டிய சரி பண்ணிக் கொடுக்கலேன்னா, இவ வந்தே சேர்ந்திருக்க மாட்டா. அந்த நேரத்துல இவ மடி இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன். நீங்க நல்லா இருக்கணும்" என்று இரண்டு கையையும் கூப்பினாள்.

நான் அப்பாவின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லாவிட்டாலும் தலையைக் குனிவார், வேறு பக்கம் பார்ப்பார் என்றாவது நினைத்தேன். அவர் பெரியம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "இதுல என்னக்கா இருக்கு. என் கடமதானே" என்றார். கண்கூடக் கலங்கியது. பந்தல் காலருகே நின்று அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு எச்சில் இலைகளை அள்ளக் குனிந்தாள். பெரியம்மா சாகும் வரைக்கும் அவளிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

அம்மா அதற்குப் பிறகு குளுவாங்கில் வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அந்த வண்டியிலும், அது போன பிறகு தன் சம்பளத்தில் வாங்கிய சின்ன வண்டியிலும் போய்வந்தாள். அப்பாவைவிட்டுப் பிரியவில்லை, சண்டையும் போடவில்லை. ஆனால் "போயிட்டு வரட்டுமா?" என்று அவரிடம் கேட்கும் வழக்கம் அவள் பேச்சிலிருந்து போய்விட்டது. "போயிட்டு வரேன்" என்பாள், அவ்வளவுதான். மணி மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. அந்தப் பழைய காரை யாரோ உதிரிப்பாகங்களுக்காக வாங்கிப் போனார்கள். அந்த மாதிரி உறுமும் வண்டிகளை இப்போது சாலையில் காண்பதே அரிது.

போன மாதம் ஜோகூர் பாருவிலிருந்து ரெங்கத்துக்குப் போயிருந்தேன். அம்மா தோழிகளோடு மூவாருக்குப் போயிருந்தாள். அப்பா மட்டும் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதியில் மெலிந்து, சட்டைக்குள் கழுத்து சின்னதாகிவிட்டிருந்தது. "சாப்பிட்டீங்களாப்பா?" என்றேன். "சாப்பிட்டேன்மா" என்றார்.

நான் சமையலறைக்குப் போய்ச் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு ஓரமாகச் சோறு எடுத்திருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். திரும்பினால், கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, கையில் மூடியோடு இருந்த என்னை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.