எந்தக் காற்றில் காயவிடுவது?

"தலைக்குக் குளித்ததும் முடியைக் காற்றில் காயவிடுங்கள்" என்று செல்போனில் ஒருத்தி அழகுக் குறிப்பு சொன்னாள். எந்தக் காற்றில்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன வயதில், எண்ணூரில், அம்மா சீயக்காய் கரைக்குமுன் வாசலுக்கு வந்து, ஆலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். கடல் பக்கம் போனால்தான் எனக்குத் தலைக்குளியல். ஒருநாள் காலை, குளித்து முடித்த பிறகு காற்று திரும்பிவிட்டது. சீயக்காய் மணத்த ஈரமுடி முழுக்கச் சாம்பல். அப்படியே பள்ளிக்கு ஓடினேன்.

"தலைக்குக் குளிக்கவே மாட்டியா?" என்றார் டீச்சர்.

அதைக் கேள்விப்பட்டு அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். "என் பொண்ணா கலீஜு? அந்தப் பொகையப் போய்க் கேளு டீச்சர்!"

இன்றும் அதே எண்ணூர்தான். குளியலறையிலிருந்து என் மகள் கத்துகிறாள்: "அம்மா, தலைக்கு ஊத்திக்கவா? பொகை எந்தப் பக்கம் போவுது, பாரு!"