பதினொன்றாம் நாயும் வசுமதி மேடமும்

வசுமதி மேடம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் வெள்ளானூர் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். பருத்திப்பட்டில் அவருக்கு எதிர்வீட்டில் இருப்பவர் பேசினார். பால் பாக்கெட் எடுக்கப்படாமல் வாசலிலேயே கிடந்ததாம், கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்களாம். மேடத்தின் போனில் இருந்த சில எண்களில் என்னுடையதும் ஒன்று என்றார். வரிசையை விட்டு விலகி வந்தேன். உடனே போக வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னால், இத்தனை நாள் போகவில்லையே என்றுதான் தோன்றியது.

அவரை அறிந்த உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். கம்பெனியை மூடிய பிறகு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். விலங்குகளின் ஞாபகசக்திதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த ஆராய்ச்சி. குரங்கு, காகம் எல்லாம் முடித்துக் கடைசியில் தெருநாய்க்கு வந்திருந்தார். பழகிய மனிதன் திடீரென்று காணாமல் போனால் நாய் அவனை எத்தனை நாள் மறக்காமல் இருக்கும் என்பதே கேள்வி.

மண்ணூர்பேட்டைத் தெருக்களில் அவர் நோட்டும் கையுமாக நிற்பதைப் பார்த்து, ஜனங்கள் அவரை நாய் டாக்டர் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். சொறிபிடித்த நாயைச் சாக்கில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவரும் சலிக்காமல் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்புவார். டீக்கடைக்காரர் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்: "இன்னா டாக்டரம்மா, நாயி நம்பள ஞாபகம் வெச்சிகினா நமக்கு இன்னா ஆவப்போவுது?" "எனக்கும் தெரியலீங்க. தெரிஞ்சுக்கணும்னு இருக்கு, அவ்வளவுதான்" என்றார் மேடம்.

நாய்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண் மட்டும்தான். பதினொன்றாவது, காது கிழிந்த ஒரு கறுப்பு நாய். பத்து நாள் காலையில் அதற்குச் சோறு வைத்தவன் நான். பிறகு இரண்டு வருடம் அதன் பக்கமே போகக் கூடாது. என் கெட்ட நேரம், அடுத்த தெருவில்தான் அக்கா வீடு. நாய் பெரிதா அக்கா பெரிதா என்று அவள் போனில் திட்டாத நாளில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன்.

கெடு முடிய நான்கு மாதம் இருந்தபோது அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது. ஆட்டோ பிடித்துப் போனேன். நாய்க்கு அடையாளம் தெரியக் கூடாதென்று முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டேன். அத்தனை வருடம் அவரோடு வேலை செய்தும், நாய் மோப்பத்தால் அறியும் என்பது அந்த நேரத்தில் என் மரமண்டையில் ஏறவில்லை. அது அக்கா வீட்டு வாசல்வரை வந்து, நான் கிளம்பும்வரை அங்கேயே படுத்திருந்தது. இதை மேடத்திடம் நான் சொல்லவில்லை.

சோதனை நாளன்று நானும் இன்னொருவரும் ஒரே நிறச் சட்டையில் வெறுங்கையோடு நின்றோம். நாய் நேராக என்னிடம் வந்து முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்திருந்த மேடம் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தார். அந்த மாதம் அவர் ஓய்வு பெற வேண்டும். மறுபடி செய்து பார்க்க அவருக்கு நாளில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் நோட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "அது உங்கள மறக்கல, ஏழுமலை. அது நெஜம். எத்தனை நாள்னு சொல்லத்தான் நமக்கு வழியில்லாம போச்சு" என்றார். நோட்டை மூடி வைத்துவிட்டு, "அக்கா இப்போ எழுந்து நடக்கறாங்களா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்தக் கேள்விக்கு என்னால் நிமிர்ந்துகூடப் பார்க்க முடியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு பருத்திப்பட்டு ஏரியோரம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாகக் குடிபோனார். பொங்கலுக்குப் போன் செய்வார். ஏரியில் நாமக்கோழிகள் வந்திருக்கின்றன, ஒருநாள் வாருங்கள் என்பார். வருகிறேன் என்பேன். வெள்ளானூரிலிருந்து அது ஒன்றும் பெரிய தூரமில்லை. அவருக்கென்று யாருமில்லை என்பதும் தெரியும். எந்த முகத்தோடு போவது என்று நினைத்து நினைத்தே மூன்று வருடத்தைக் கடத்தினேன்.

செய்தி வந்த அன்று அந்தக் குடியிருப்பின் வாசலில் காவலுக்கு இருந்த பெரியவர் ரிஜிஸ்டரை நீட்டிப் பெயர் கேட்டார். ஏழுமலை என்றதும் அதை மூடி வைத்துவிட்டார்.

"நீதானா நைனா அது? ஏழுமலைன்னு ஒர்த்தர் வருவாரு, ஒண்ணும் கேக்காத மேல அனுப்புன்னு டாக்டரம்மா வந்த புதுசுலயே சொல்லி வெச்சாங்கோ. நானும் மூணு வர்சமா பாத்துகினு கீறேன்."

மேலே போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். மாலைவரை மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, கையெழுத்துப் போடாமல் உள்ளே போகலாம் என்ற அந்த அனுமதிதான். அதை ஒரே ஒரு முறைதான் நான் பயன்படுத்தினேன்.