மினிபஸ்ஸை நிறுத்தியவர்

ஒரு சேவையை நிறுத்துமுன் அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. எங்கள் கிழக்கு லண்டன் கவுன்சில் கேட்கவில்லை. பக்கவாதம் வந்த என் மனைவியைச் செவ்வாய்தோறும் உடற்பயிற்சிக்கு ஏற்றிச்சென்ற மினிபஸ் நின்றது. நிறுத்தக் கை உயர்த்தியவர்களில் எங்கள் தமிழ்க் கவுன்சிலரும் ஒருவர், வலதுசாரி. முறைப்பாட்டுப் படிவம் நிரப்பி அனுப்பிவிட்டு, அவரையும் நேரில் பார்க்கப் போனேன்.

கோடையிலும் டை கட்டியிருந்தார். நான் பேசப்பேச அந்த டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"அகதியாய் வந்து அரசாங்கம் தந்த பெனிபிட் காசில நிமிர்ந்தனீங்கள். இப்ப ஏறிவந்த ஏணியை இழுக்கிறீங்களோ?" என்றேன்.

"நிமிர்ந்த பிறகும் ஏணியில நிக்கச் சொல்லுறீங்களோ, அண்ணை? எல்லாத்தையும் கவுன்சில் செய்தால் அயலவன் எதுக்கு?"

"ஈவிரக்கம் இல்லாத கதை."

"மற்றவன் கட்டுற வரியில நீங்கள் காட்டுறது இரக்கமில்லை. தாராளம்."

அடுத்த செவ்வாய் காரோடு எங்கள் வாசலில் நின்றார். என்னைக் கேட்காமலே மனைவி ஏறிவிட்டாள். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வந்தார்.

"பஸ்ஸில போனது பன்னிரண்டு பேர். மற்றப் பதினொரு பேரும்?" என்று காரில் கேட்டேன்.

"அவையின்ர அயலட்டையைக் கேளுங்கோ."

கேட்டேன். இரண்டு பேருக்குத்தான் ஏற்றிப்போக யாரோ கிடைத்தார்கள். ஒன்பது பேர் வீட்டோடு கிடக்கிறார்கள். அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் ஒரு செவ்வாய்கூட அவர் பிந்தியதில்லை; அதை எந்தப் படிவத்தில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. சேவை மீளாது என்ற கவுன்சிலின் பதில், நாங்கள் அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தபோது, அடுத்த வருடம் மார்ச் பத்தாம் திகதி வந்தது.