போகக் கூடாத அழைப்பு

அஸ்தம்பட்டி அலுவலகத்தில் ஒரு மருத்துவமனை மென்பொருளின் திரைகளைப் புதிதாக எழுதினோம். பழைய திரை செய்ததையெல்லாம் புதியதும் செய்கிறதா என்று தானாகவே பார்க்கும் சோதனைகளை எழுதியவர், திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண். மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி. ஒவ்வொரு சோதனைக்கும் தமிழில் முழு வாக்கியமாகப் பெயர் வைப்பார்.

வெளியீட்டுக்கு முந்தின நாள், நான் எழுதிய திரையில் ஒரு சோதனை மட்டும் தேறாமல் சிவப்பில் நின்றது: ‘இறந்தவருக்குச் செக்கப் அழைப்பு போகக் கூடாது.’

“அதை அடுத்த மாசம் பாத்துக்கலாங்க” என்றேன்.

“தள்ளிப்போடாதீங்க சார். எங்கப்பா போனப்புறமும் ஒரு ஆஸ்பத்திரில இருந்து மெசேஜ் வந்துட்டே இருந்துச்சுங்க. எங்கம்மா ஒவ்வொரு தடவையும் படிச்சுட்டு அப்புடியே உக்காந்துக்குமுங்க.”

அன்றே சரிசெய்தேன். சோதனை பச்சையானது. அவர் அதையே இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். அதற்குத் தேவையே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.